ரோல் கழுவியவன் கணக்கு

ஸ்டூடியோவும் கலர் லேபும் வைத்திருப்பவன் என்பதால், கும்பகோணத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடுகிறார்: "போன்லயே இவ்வளவு தெளிவா விழுதே, தனியா ஒரு சின்ன கேமரா வாங்கணுமாண்ணே?" லென்ஸ், மெகாபிக்சல், விலை என்று ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கிறார். என்னிடம் இருப்பது வேறு கணக்கு. கேமரா விற்கிறவன் வாங்குகிற அன்று இருக்கும் முகமலர்ச்சியை மட்டும் பார்க்கிறான். ஆறு மாதம் கழித்து அந்தக் கேமராவுக்குள் என்ன விழுந்திருக்கிறது என்பதைப் பார்ப்பவன் ரோல் கழுவுகிறவன்தான். இந்த ஊர் மக்கள் எடுத்த படங்களை அவர்களுக்கும் முன்னால் பார்த்தவன் நான். யார் தலையை வெட்டி எடுத்தார், யார் கை ஆடியது, யார் விரல் லென்ஸை மறைத்தது எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும்.

1983-ல் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். வீட்டில் கேமரா வைத்திருப்பது அன்றைக்குப் பெரிய மனிதர்களின் லட்சணம். அப்படி இருந்தவர்களிலும் பலரிடம் இருந்தது ஆக்ஃபா க்ளிக் 3. பரோடாவில் செய்த கேமரா. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு படம். திருகிச் சரிசெய்ய அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. வெயிலில் நிற்க வைத்து எடுத்தால் விழும், நிழலில் எடுத்தால் விழாது, அவ்வளவுதான். நாங்கள் புழங்கியது ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சரக்கு. டார்க் ரூமில் சிவப்பு விளக்கு, தட்டில் டெவலப்பர், கையெல்லாம் ஹைப்போ வாடை. சாப்பிடும்போதும் அந்த வாடை போகாது.

முதலாளி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது நிழல் போடுவது. வாசலுக்கு முதுகு காட்டி ஒருவரை நிற்க வைத்து எடுத்திருப்பார்கள். அப்படியே பிரிண்ட் போட்டால் வாசல் வெள்ளையாக, ஆள் கரியாக வருவார். என்லார்ஜரில் இருந்து வெளிச்சம் விழும்போது, கம்பியில் ஒட்டிய ஒரு வட்ட அட்டையை முகத்துக்கு மேலே மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் குறையும், அதனால் முகம் தெளியும். அட்டையை நிறுத்திவிட்டால் முகத்தைச் சுற்றி வட்டம் விழுந்துவிடும். வந்து வாங்கிப் போகிறவர் "நம்ம கேமரா நல்லா விழுது பாருங்க" என்று பெருமையாகச் சொல்வார். முதலாளி தலையை ஆட்டுவார். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கலர் வந்தபோது முதலில் ரோல்களைப் பொட்டலம் கட்டித் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். மூன்றாம் நாள் பிரிண்ட் வரும். தொண்ணூறுகளின் பின்பாதியில் நானே கடன் வாங்கிப் பழைய மினி லேப் மெஷின் ஒன்றைப் போட்டேன். டெவலப்பர் 37.8 டிகிரியில் நிற்க வேண்டும், பிலிம் அதில் மூன்றே கால் நிமிஷம் ஓட வேண்டும். இது உலகம் முழுக்க ஒரே கணக்கு. கரண்ட் போய் ரோல் மெஷினுக்குள் நின்றுவிட்டால் தீர்ந்தது. அதனாலேயே ஜெனரேட்டருக்கு டீசல் வாங்காமல் நான் சாப்பிடப் போனதில்லை.

கழுவுவது மெஷினின் வேலை. பிரிண்ட் போடுவது ஆளின் வேலை. இது வெளியே பலருக்குத் தெரியாது. மெஷினின் மூளைக்கு ஒரே ஒரு நம்பிக்கை உண்டு: எந்தப் படத்தையும் மொத்தமாகக் கலக்கினால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று. வெள்ளை வேட்டி சட்டையில் முப்பது பேர் வரிசையாக நின்றால் அது குழம்பி வெள்ளையைச் சாம்பலாக்கும், முகங்களெல்லாம் கறுத்துவிடும். ராத்திரியில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் பின்னால் எல்லாம் இருட்டு என்றால், அதைச் சரிக்கட்டப் போய் முகத்தைச் சுண்ணாம்பாக்கும். எல்லாவற்றிலும் மோசம் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையில் மணப்பெண்ணைக் கிட்டத்தில் எடுத்த படம். சிவப்பு அதிகமாகிவிட்டது என்று அது நீலப்பச்சையைக் கொட்டும். பெண் முகம் காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கும். டியூப்லைட் வெளிச்சமென்றால் பச்சை, குண்டு பல்பு என்றால் மஞ்சள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு நெகடிவாகப் பார்த்து, மஞ்சள், மெஜன்டா, சயான், அடர்த்தி என்று நாலு சாவியில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துக்கொண்டிருப்பேன். ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு நொடிதான் கிடைக்கும். முகூர்த்த மாசத்தில் கண்ணை மூடினால் இமைக்குள்ளே நெகடிவ்கள் ஓடும்.

யாஷிகா எம்.எஃப்-2, கோடக் கேபி-10, ஹாட் ஷாட் இவையெல்லாம் ஊரில் பேர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் இந்த நாலு சாவி. போகஸ் திருப்ப வேண்டாம், ஷட்டர் பார்க்க வேண்டாம், அமுக்கினால் போதும். வெளிச்சம் கொஞ்சம் ஏறிப்போனாலும் கலர் நெகடிவ் தாங்கும். மிச்சத்தை லேபில் இழுத்துக்கொள்வோம். வெளிச்சம் குறைந்தால்தான் வம்பு. பிலிமில் விழாததை எந்தச் சாவியாலும் வரவழைக்க முடியாது.

சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் ஆட்டோ போகஸ் கேமராக்களைக் கொண்டுவந்தார்கள். அவை படத்தின் நடுவில் எது இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில், ஆனால் நடுவில் ஒரு ஜாண் இடைவெளி விட்டு நிற்பார்கள். நம் ஊர் மரியாதை அது. கேமரா அந்த இடைவெளி வழியாகப் போய்ப் பின்னால் இருக்கும் கோபுரத்தைப் பிடிக்கும். கோபுரத்தில் பொம்மை பொம்மையாக எண்ணலாம், தம்பதி மட்டும் புகை. "லேப்ல கெடுத்துட்டீங்களா?" என்று கேட்பார்கள். நெகடிவை லூப்பில் வைத்துக் காட்டுவேன். பிறகு, தோளோடு தோள் ஒட்டி நிற்கச் சொல்லி அனுப்புவேன். சிலருக்கு வெட்கம் வந்துவிடும்.

வீட்டுக் கேமராவில் ஒரு ரோல் எத்தனை நாள் கிடக்கும் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாத விஷயம். முப்பத்தாறு படத்தில் முதல் நாலு பொங்கல் கோலம், பிறகு ஒரு காதுகுத்து, வேளாங்கண்ணி கடற்கரை, பரீட்சை முடிந்து வந்த மாமா பையன், கடைசியில் தீபாவளிப் புதுத்துணி. ஒரு வருஷம் ஒரே சுருளில். மீதி இரண்டு படம் இருக்கிறதே என்று வீட்டுப் பசுவை எடுத்து ரோலை முடித்துக் கொண்டுவருவார்கள். இந்த ஊரில் எத்தனை பசுக்களுக்கு நான் 4x6 பிரிண்ட் போட்டிருக்கிறேன் என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வரும். ரோல் பல்லில் மாட்டாமல் சுற்றாமலே இருந்து, வருஷம் முழுக்க அமுக்கியதெல்லாம் வெற்றுச் சுருளாக வருவதும் உண்டு. அதைச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை.

எங்கள் ஊர்த் தொழிலுக்கு மகாமகம் ஒரு அளவுகோல். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊரே குளத்தங்கரைக்கு வந்துவிடும். 1992 மகாமகம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நெரிசலும் உயிர்ப்பலியும்தான் ஞாபகம். அன்று குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் நின்றிருந்த கூட்டத்தில் கேமரா வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியூர் பக்தர்கள் குளக்கரையில் நின்ற எங்களைப் போன்ற ஆட்களிடம் விலாசம் எழுதிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தபாலில் அனுப்பிவைத்தோம்.

2004 மார்ச்சில் அடுத்த மகாமகம். என் லேபில் ராப்பகலாக ரோல் ஓடியது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில், சென்னையிலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரி கவுன்டரில் விரல்நகம் அளவுக்கு ஒரு அட்டையை வைத்து "பிரிண்ட் போட முடியுமா?" என்றார். டிஜிட்டல் கேமரா மெமரி கார்டு. என் மெஷின் அதைப் படிக்காது. தஞ்சாவூரில் போடுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் நானும் லேசரில் அடிக்கும் டிஜிட்டல் மெஷினுக்கு மாறிவிட்டேன். மாறாதவர்கள் பூட்டிக்கொண்டு போனார்கள். 2006 தொடக்கத்தில் கோனிகா மினோல்டா போட்டோத் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. எங்கள் பக்கத்தில் பல லேப்களின் பலகையில் இருந்த பெயர் அது. ஊருக்கு ஊர் பலகையை மாற்றி எழுதினார்கள்.

அந்தக் காலத்தில்தான் ஒரு பையன் நோக்கியா 6600 போனைக் கொண்டுவந்தான். அவன் தாத்தா இறந்து இரண்டு நாள். தனியாக எடுத்த படம் வீட்டில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் இது வழக்கமான சங்கதிதான். குரூப் போட்டோவிலிருந்து தலையை வெட்டியெடுத்து, சட்டை வரைந்து, பின்னால் நீலத் திரை போட்டு மாலைக்குரிய படமாக்குவது எங்கள் பிழைப்பில் பாதி. ஆனால் இவன் கொண்டுவந்தது போன மாசம் திண்ணையில் தாத்தா உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம். ப்ளூடூத்தில் வாங்கிப் பார்த்தேன். 640-க்கு 480. மூன்று லட்சம் புள்ளி. ஒரு 4x6 பிரிண்ட் கூர்மையாக வர வேண்டுமானால் இருபது லட்சம் புள்ளிக்கு மேல் வேண்டும். அவன் கேட்டதோ 12x15. "பெரிசாக்கினா கட்டம் கட்டமா தெரியும் தம்பி" என்றேன். "பரவால்லண்ணே, சிரிச்ச மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றான். கட்டங்களை மழுக்கி, கொஞ்சம் கிரெயின் தூவி, 8x10-க்கு மேல் போக மறுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர்கள் வீட்டில் கேமரா இல்லாமல் இல்லை. துபாயிலிருந்து சித்தப்பா கொடுத்த நல்ல கேமரா பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு பூட்டிக் கிடந்தது. சாவி அம்மாவிடம். திண்ணையில் தாத்தா வெற்றிலை மடிப்பதற்காக யாரும் பீரோவைத் திறக்கமாட்டார்கள். போன் பையனின் சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பிறகு மாலைப் படத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஆல்பத்தை அல்ல, பேரப்பிள்ளைகளின் போன்களை.

அதற்காகச் சின்ன கேமராவின் நல்ல காலத்தை மறைத்துப் பேசக்கூடாது. 2006 முதல் நாலைந்து வருஷம் எங்கள் ஷோகேசில் சோனி சைபர்-ஷாட், கேனான் பவர்ஷாட், நிகான் கூல்பிக்ஸ் எல்லாம் பளபளவென்று அடுக்கியிருக்கும். தீபாவளி போனஸ் வாங்கியவர்கள் குடும்பத்தோடு வந்து வாங்குவார்கள். ஜப்பான் கேமராக் கம்பெனிகளின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ல் லென்ஸ் மாற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் மட்டும் உலகம் முழுவதும் பத்துக் கோடிக்கு மேல் போயின. 2023-ல் அது சுமார் 17 லட்சம். நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை.

விற்கும்போதே எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் மெகாபிக்சல் ஏறும்: 6, 8, 10, 12, 14. உள்ளே இருக்கும் சென்சார் மட்டும் அதே 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர் துண்டு. ஒரே காணி நிலத்தை ஆறு பங்காளிக்குப் பதிலாகப் பதினாலு பங்காளிக்குப் பிரித்துக் கொடுத்த மாதிரி, ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. வெயிலில் வித்தியாசம் தெரியாது. கல்யாண மண்டபத்துக்குள் எடுத்த படங்களைப் பிரிண்ட் போடும்போது தெரியும். புது கேமராவின் படத்தில் தலைமுடி மெழுகு மாதிரி ஒட்டிக் கிடக்கும். புள்ளி புள்ளியாக வந்த அழுக்கை கேமராவே துடைக்கிறேன் பேர்வழி என்று முடியையும் சேர்த்துத் துடைத்திருக்கும். வாங்க வந்தவரிடம் 10 போதும் என்று சொன்னால், பக்கத்துக் கடையில் 14 இருக்கிறது என்று போய்விடுவார்.

இன்னொன்று தாமதம். பட்டனை அமுக்கியதற்கும் படம் விழுவதற்கும் நடுவில் குழந்தை ஓடிவிடும். பாதி அமுக்கி வைத்துக்கொண்டு பிறகு முழுக்க அமுக்குங்கள் என்று விற்கும்போதே பாடம் எடுப்பேன். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். பிறந்தநாள் படங்களில் பாதி, மெழுகுவர்த்தி அணைந்த பிறகு வந்த புகை.

ரிப்பேருக்கு வந்ததில் பெரும்பகுதி கடற்கரை மணல். லென்ஸ் வெளியே நீண்டு வரும் குழாயில் ஒரு மணல் துகள் சிக்கினால் மோட்டார் நின்று, திரையில் லென்ஸ் எரர் என்று வரும். ஊதிப் பார்ப்போம், தட்டிப் பார்ப்போம். நகரத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் அவர்கள் சொல்லும் கூலியில் ஒரு போன் வாங்கிவிடலாம். பலர் அதைத்தான் செய்தார்கள். ரிப்பேர் ஆகாமல் கேட்பாரற்றுக் கிடந்த கேமராக்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவைத்தேன்.

இவ்வளவும் சொன்னாலும், போன் ஜெயித்ததற்குப் பீரோவும் மணலும் மட்டும் காரணமல்ல. ஆரம்பகால ஸ்மார்ட்போன்களின் சென்சார் சின்ன கேமராவினுடையதைவிடச் சிறியது. ஜூம் கிடையாது. ஃப்ளாஷ் என்று இருந்தது ஒரு டார்ச் விளக்கு. நியாயப்படி தோற்றிருக்க வேண்டும். ஏன் தோற்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது ஒரு கார்த்திகை அன்று. அண்ணன் மகள் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். வாசலில் அகல் வரிசை, பின்னால் இருட்டு, நடுவில் அவள் அம்மா. சுடர் வெளுத்துப் போகவில்லை, முகம் கறுக்கவில்லை, வாசல்படிக் கோலமும் தெரிகிறது. ஒரே கிளிக்கில் அப்படி வராது என்று எனக்குத் தெரியும். அட்டையை ஆட்டாமல் வரவே வராது.

அந்தப் போனுக்குள் அட்டை ஆட்டுகிறவன் உட்கார்ந்திருந்தான். நாம் ஒருமுறை தொட்டால் அது கண்மூடித் திறப்பதற்குள் பல படங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றை ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருத்தி, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பதை வைத்துக்கொண்டு, படத்துக்குப் படம் மாறுகிற புள்ளி அழுக்கைக் கழித்துவிடுகிறது. வானத்துக்கு ஒரு அளவு, முகத்துக்கு ஒரு அளவு என்று வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. சிவப்புப் புடவையைப் பார்த்து ஏமாறுவதில்லை. கூகுள் 2016-ல் பிக்சல் போனில் இந்த வேலையை முன்னால் நிறுத்தியது. 2018-ல் நைட் சைட் என்று இருட்டிலும் செய்து காட்டியது. மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். சின்ன கேமராக் கம்பெனிகளிடம் நல்ல கண்ணாடி இருந்தது, ஆனால் அவர்கள் கேமராவுக்குள் அப்படி ஒரு ஆளை உட்கார வைக்கவில்லை. ரோல் காலத்தில் அந்த ஆள் ஊருக்கு ஊர் லேபில் இருந்தான், அதனால் பிழைத்தார்கள். டிஜிட்டலில் அமுக்கிய மாத்திரத்தில் திரையில் படம் வந்துவிட்டது. கச்சாவாக. போன் தன்னுடைய படத்தைக் கழுவித் துவட்டிக் காட்டியது. என்னைக் கேட்டால், போன் வேலையைப் பறித்தது கேமராவிடமிருந்து அல்ல, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னிடமிருந்து.

உள்ளே இருக்கிற அந்த ஆள் கொஞ்சம் அதிகப்பிரசங்கி என்பதையும் சொல்லவேண்டும். சில போன்களில் வாங்கும்போதே அழகூட்டும் வசதி ஏற்றி வைத்திருப்பார்கள். வயலில் நின்று காய்ந்த கறுத்த மனிதரை மைதா மாவில் புரட்டியெடுத்தது போலக் காட்டும். மரு போய்விடும், அம்மைத் தழும்பு போய்விடும். அடையாள அட்டைக்குப் படம் கொண்டுவரும்போது ஆளும் படமும் ஒட்டாது. இதை நான் ரொம்பக் கடிந்து பேச முடியாது. ரிடச்சிங் பென்சிலால் நெகடிவில் கன்னத்தைத் தேய்த்தவர்கள்தான் நாங்களும். "பொண்ணு பாக்க அனுப்புற படம், கொஞ்சம் கலரா போடுங்க" என்று கேட்காத அம்மா உண்டா? ஆனால் அவர்கள் கேட்டார்கள், நாங்கள் செய்தோம். இது கேட்காமலே செய்கிறது.

2016 மகாமகத்தில் குளத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தூக்கிய கையில் போன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கூட்டத்தைவிடப் பல மடங்கு படம் எடுத்திருப்பார்கள். என் கடைக்கு அந்த வாரம் வந்த பிரிண்ட் ஆர்டரைப் பழைய மகாமகத்தின் ஒரு பொழுதுக்குக்கூட ஒப்பிட முடியாது. இரண்டு பையன்களை வேலையிலிருந்து நிறுத்தியது அந்த வருஷம்தான். ஒருவன் இப்போது போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், நன்றாக ஓடுகிறது.

வருகிற ஆர்டரும் வாட்ஸ்அப்பில் வரும். போனில் பெரிய படமாக இருந்தது, அனுப்பும் வழியில் சுருங்கி வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு வரவேற்பு பேனர் போடு, 16x24 ஃப்ரேம் போடு என்பார்கள். "டாக்குமென்ட்னு போட்டு அனுப்புங்க" என்று கடையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இருந்தாலும் தினமும் ஒருவருக்காவது வாயால் சொல்லவேண்டியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய சாதாரணச் சின்ன கேமராவின் கார்டிலிருந்து எடுத்த பைல், வாட்ஸ்அப்பில் வந்த புதுப் போன் படத்தைவிடப் பெரிய பிரிண்டுக்கு நன்றாகத் தாங்கும். இதை நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

சரி, தனியாக ஒரு கேமரா வாங்கலாமா? கேட்பவர் என்ன எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒருவர் மகளின் பரதநாட்டியத்தை எடுக்கவேண்டும் என்று வந்தார். மேடை தூரம், வெளிச்சம் கம்மி, கை கால் வேகம். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுத்திருந்தார். முகம் வரைந்த பொம்மை போல இருந்தது. பல படங்களைப் பொருத்துகிறபோது கை மட்டும் இடம் மாறிவிடுவதால், முத்திரை பிடித்த விரல்கள் ஆறேழாகத் தெரிந்தன. இதற்கு நீள ஜூம் உள்ள சின்ன கேமரா வாங்கினால் சரியாகும் என்று அவர் நினைத்தார். ஆகாது. அந்த லென்ஸ்கள் நீட்ட நீட்ட வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும். பகலில் மரத்து மீன்கொத்திக்கு அது அருமை, ராத்திரி மேடைக்கு உதவாது. ஒரு இஞ்ச் சென்சார் வைத்த கேமராவைப் பார்க்கச் சொன்னேன். சோனி 2012-ல் ஆர்எக்ஸ்100 என்று கொண்டுவந்த வகை. சட்டைப் பைக்குள் போகும், பழைய சின்ன கேமராவைப் போல நாலு மடங்கு பரப்பு. விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த நாட்டியத்துக்கு முதல் வரிசையில் இடம் பிடித்துக்கொள்கிறேன் என்றார். அதுவும் நல்ல யோசனைதான்.

முகம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். போனின் முக்கிய லென்ஸ் அகலமானது. முகம் பெரிதாக விழ வேண்டுமென்று கிட்டே போகிறார்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். லென்ஸைக் குறை சொல்லி லாபமில்லை, நிற்கிற தூரம்தான் முகத்தை மாற்றுகிறது. ஸ்டூடியோவில் ஏழெட்டு அடி தள்ளி நின்று எடுப்பது இதனால்தான். இரண்டு மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் தனியாக உள்ள போன் என்றால் பின்னால் தள்ளி நின்று அதில் எடுங்கள். இல்லாவிட்டால் தள்ளி நின்றே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு செல்ஃபி எடுத்து அனுப்புகிறவர்களோடு நான் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சின்ன கேமராவின் ஃப்ளாஷ் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை. அது செனான் குழாய். கண நேரத்துக்குள் வெடித்து அணையும். ஆடுகிற குழந்தையை அப்படியே நிறுத்திவிடும். போனின் எல்.இ.டி. விளக்குக்கு அந்த வேகமும் இல்லை, வீச்சும் இல்லை. கும்மிருட்டில் கும்மியடிக்கிறவர்களை எடுக்க இன்றும் அந்தப் பழைய வெடிப்புதான் வேண்டும். முகம் வெளுக்கும், கண் சிவக்கும், பின்னால் நிழல் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அந்த மூன்றையும் சரிசெய்துதான் என் பாதி வாழ்நாள் போனது.

இப்போது இரண்டு வருஷமாகக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் கடைக்கு வந்து "அங்கிள், பழைய டிஜிகேம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. அட்டைப்பெட்டியை இறக்கிக் காட்டினேன். துடைத்து, பேட்டரி போட்டு, இரண்டு மூன்றுக்கு உயிர் வந்தது. கடைக்குள்ளேயே தோழியை நிற்க வைத்து ஃப்ளாஷ் அடித்துப் பார்த்தார்கள். முகம் வெளுத்து, கண் சிவந்து, பின்னால் என் காலண்டர்மேல் கறுப்பு நிழல். "சூப்பரா இருக்கு!" என்றார்கள். "இந்தச் சிவப்பை எடுத்துத் தர்றேன்மா, ஒரு நிமிஷ வேலை" என்றேன். "ஐயோ வேணாம் அங்கிள், போன்ல எடுத்தா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கோம். இதுலதான் நிஜமா இருக்கு." நிஜம் என்று அவள் காட்டியது எங்கள் தொழிலில் கழிவென்று ஒதுக்கும் பிரிண்ட். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் கை வைக்காத படம் வேண்டுமென்று கேட்டு இந்தக் கவுன்டருக்கு வந்த முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

விலை பேசும்போது ஒருத்தி தன் பையிலிருந்து 64 ஜி.பி. கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கேமரா அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்து மாடல்களில் பல 2 ஜி.பி.க்கு மேல் கார்டைப் படிக்காது, கடையில் இப்போது அந்தக் கார்டும் கிடைக்காது. மேசை டிராயரைத் துழாவியதில் பழைய வாடிக்கையாளர்கள் விட்டுப்போன 1 ஜி.பி. ஒன்று கிடைத்தது. அழிக்கும் முன் உள்ளே பார்த்தேன். ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம், ஒரு பசு. அதை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டைத் துடைத்துக் கொடுத்தேன். கார்டுக்குத் தனியாக ஐம்பது ரூபாய் வாங்கினேன். "பழசுக்குமா காசு?" என்றாள்.